‘நம்ம ஆளா?’ – அமெரிக்க அதிபர் தேர்தலில் எழுதி வைக்கப்படாத தகுதி

1927 நவம்பரில் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஹாலண்ட் டனல் என்ற சுரங்கச் சாலையைத் திறந்தார்கள். அக்கரையில் இருக்கும் நியூஜெர்சிக்குப் படகு பிடிக்காமல் காரிலேயே போய்விடலாம், அவ்வளவுதான் அதன் உபயோகம். மறுவருடம் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் ஜனநாயகக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்றார். உடனே அந்தச் சுரங்கத்தின் படத்தை வைத்து ஒரு கதை கிளம்பியது. சுரங்கம் நியூஜெர்சியோடு நிற்கப்போவதில்லையாம். ஸ்மித் ஜெயித்தால் அட்லாண்டிக் கடலுக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டுபோய் வாடிகனில் சேர்த்துவிடுவார்களாம். போப் அந்த வழியாக வந்து இறங்கி அமெரிக்காவை ஆளுவாராம்.

ஸ்மித் செய்த தவறு கத்தோலிக்கராகப் பிறந்தது. (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவன் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.)

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் ‘இனவெறிப் பேச்சு’, ‘மதச் சர்ச்சை’ என்று தலைப்புகள் வரும். புதிதாகப் படிப்பவருக்கு, சட்டத்தில்தான் எல்லோரும் சமம் என்று எழுதியிருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். அதனால் சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதிபர் ஆக அமெரிக்க அரசியல் சாசனம் கேட்பது மூன்றுதான். பிறப்பிலேயே அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். மதத்தைப் பற்றி 1787-ல் எழுதப்பட்ட மூலச் சாசனம் வாய் திறப்பது ஒரே இடத்தில், ஆறாவது ஷரத்தின் கடைசியில்: மத்திய அரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை ஒரு தகுதியாக இருக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். அப்போது பல மாநிலங்களில் பதவியேற்பவர் தான் கிறிஸ்தவன் என்று, சில இடங்களில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவன் என்றே, சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

1788-ல் இந்தச் சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று வட கரோலினாவில் விவாதம் நடந்தது. வில்லியம் லங்காஸ்டர் என்ற பிரதிநிதி எழுந்து கவலைப்பட்டார். இன்னும் 400, 500 வருடத்தில் என்ன ஆகுமோ தெரியாது, அந்த நாற்காலியில் போப்பின் ஆட்கள் உட்காரலாம், முகமதியர்களும் உட்காரலாம், தடுப்பதற்கு இதில் ஒன்றையும் காணோமே என்றார். மனிதர் சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவர் பயந்தது நடக்கச் சட்டத்தில் தடை இல்லை. தடை வேறு இடத்தில் இருந்தது.

நிறத்தைப் பொறுத்தவரை அதே சாசனம் அவ்வளவு தாராளமாக இல்லை. அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கின்படி தென் மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்களையும் அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் பலத்தையும் கொடுத்தது. அடிமைக்கு ஓட்டுக் கிடையாது, அவனைக் காட்டி எசமானுக்கு அதிக மதிப்பு. முதல் 12 அதிபர்களில் 10 பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வேட்பாளரின் கொள்கை பிடிக்காமல் எதிர்ப்பது பாரபட்சம் அல்ல. ‘உங்கள் சர்ச் சொல்வதை நீங்கள் சட்டமாக்குவீர்களா?’ என்று கேட்பதுகூட, எல்லோரிடமும் கேட்டால், நியாயமான கேள்விதான். ஆளைத் தெரிந்துகொள்ளாமலே, பிறந்த கூட்டத்தைப் பார்த்து ‘இவர் இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவது பாரபட்சம். தேர்தலில் அது ‘எனக்கு உன்னைப் பிடிக்காது’ என்று நேராக வந்து நிற்பது அபூர்வம். ஒரு சந்தேகத்தின் வேஷத்தில் வரும். இவருடைய விசுவாசம் யாருக்கு? இவர் எங்கே பிறந்தார்? இவருடைய பெயரை எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. அதைச் சுருக்கமாகக் கேட்கத் தமிழில் இரண்டு வார்த்தை போதும்: நம்ம ஆளா?

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். குற்றச்சாட்டை விட்டுவிட்டு, மாட்டிக்கொண்டவர் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ‘ஐயோ, நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று ஒருவர் சொல்ல வேண்டி வந்தால், அப்படிப்பட்டவராக இருப்பதே குற்றம் என்பது அங்கே ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

ஸ்மித்துக்கு வருவோம். 1927-ல் அட்லாண்டிக் மன்த்லி பத்திரிகையில் ஒரு வழக்கறிஞர் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். போப்புகள் காலந்தோறும் வெளியிட்ட சுற்றுமடல்களை மேற்கோள் காட்டி, இவற்றை ஏற்கும் ஒருவர் எப்படி அமெரிக்கச் சாசனத்துக்கு உண்மையாக இருப்பார் என்று கேட்டார். மரியாதையான மொழியில், படித்தவர்களுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி. ஸ்மித் மீன் சந்தை வேலையிலிருந்து மேலே வந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். அந்தச் சுற்றுமடல் என்றால் என்னவென்று யாராவது எனக்குச் சொல்லுங்களேன் என்று உதவியாளர்களிடம் அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. படிக்காதவர்களுக்கு வேறு மொழி வைத்திருந்தார்கள். ஓக்லஹோமாவுக்குள் அவருடைய ரயில் வந்தபோது வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் வழியில் சிலுவைகளைக் கொளுத்தி வைத்திருந்தது.

முடிவில் குடியரசுக் கட்சியின் ஹெர்பர்ட் ஹூவருக்கு 444 தேர்வாளர் ஓட்டு, ஸ்மித்துக்கு 87. (அங்கே அதிபரைத் தீர்மானிப்பது இந்தத் தேர்வாளர் ஓட்டுதான். பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முந்துபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டெல்லாம் போகும்.) எல்லாப் பழியையும் மதத்தின் மேல் போட முடியாது. நாட்டில் பணம் புரண்டுகொண்டிருந்தது, ஆளும் குடியரசுக் கட்சியை யார் எதிர்த்து நின்றிருந்தாலும் தோற்றிருப்பார். ஸ்மித் மதுவிலக்கை எதிர்த்தவர், அதுவும் கிராமப்புறங்களில் அவருக்கு வினையானது. ஆனால் டெக்சாஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக அந்த வருடம்தான் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது. வர்ஜீனியா, வட கரோலினா, ஃப்ளோரிடாவும் கட்சி மாறின. உள்நாட்டுப் போரில் தோற்கடித்த லிங்கனின் கட்சி என்று தலைமுறை தலைமுறையாக வெறுத்துவந்த ஊர்கள் அவை. அந்த வெறுப்பையே ஒரு தேர்தலுக்குத் தள்ளி வைக்க வைத்தது எது என்று யோசிக்க வேண்டும். தோற்றதும் ஸ்மித் போப்புக்கு ஒரே வார்த்தையில் தந்தி அடித்தாராம்: ‘மூட்டையை அவிழுங்கள்.’ அன்றைக்கு ஊரெல்லாம் உலவிய ஜோக் இது.

பாரபட்சம் எப்போதும் தூண்டிவிட்டவருக்கே லாபம் என்றும் இல்லை. 1884-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்ன், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு நியூயார்க்கில் புராட்டஸ்டன்ட் போதகர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வரவேற்றுப் பேசிய சாமுவேல் பர்ச்சர்ட் என்ற போதகர், எதிர்க்கட்சியைச் சாராயம், ரோமாபுரி மதம், கலகம் ஆகிய மூன்றின் கட்சி என்றார். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும், கேட்க நன்றாக இருக்கும், அந்த ஆசையில் விட்டுவிட்டார் போலிருக்கிறது. பிளெய்ன் அப்போதே மறுக்கவில்லை. நியூயார்க்கின் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கொதித்தார்கள். மாநிலம் முழுவதும் 11 லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டில் ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் பிளெய்ன் நியூயார்க்கை இழந்தார், அதோடு அதிபர் பதவியையும். பிளெய்னின் தாயார் கத்தோலிக்கர் என்பது இதில் சோகமான வேடிக்கை.

1960-ல் ஜான் கென்னடி வந்தார். கத்தோலிக்கர், பணக்காரர், 43 வயது. கட்சிப் பெரியவர்களுக்கு ஸ்மித்தின் தோல்வி நினைவில் இருந்தது. கத்தோலிக்கர்கள் மிகக் குறைவாக இருக்கும் ஏழை நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்ற நிலை. கென்னடி அங்கே போய்ப் பேசிய பேச்சில் ஒன்று: என் அண்ணன் கடைசிப் பயணத்துக்குக் குண்டுவீச்சு விமானத்தில் ஏறியபோது, நீ கத்தோலிக்கனா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அண்ணன் ஜோ இரண்டாம் உலகப் போரில் இறந்தவர். கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் யாராவது போருக்குப் போயிருப்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கென்னடி ஜெயித்தார்.

ஆனாலும் விடவில்லை. செப்டம்பர் 12-ம் தேதி ஹூஸ்டனில் ரைஸ் ஹோட்டலில் நூற்றுக்கணக்கான புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் போய் நின்றார். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ‘நான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருக்கிறேன்’ என்பது அதில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். எனக்குப் பிடித்தது வேறு இடம். டெக்சாஸ்காரர்களுக்கு அலமோ கோட்டை என்றால் நமக்குப் பாஞ்சாலங்குறிச்சி மாதிரி. அங்கே 1836-ல் செத்தவர்களில் சில ஐரிஷ் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்கள் கத்தோலிக்கர்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அலமோவில் மதச் சோதனை எதுவும் இருக்கவில்லை என்றார். அவர்கள் ஊர்ப் பெருமையையே எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார். இன்று பலியாவது நான், நாளை நீங்களாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

சாமர்த்தியமான பேச்சு, நேர்மையான பேச்சும்கூட. ஆனாலும் அந்த மேடையின் அமைப்பைப் பாருங்கள். எதிர்த்து நின்ற ரிச்சர்ட் நிக்சன் குவேக்கர் பிரிவில் பிறந்தவர். அந்தப் பிரிவு போரையே மறுப்பது. முப்படைகளுக்கும் தலைவராகப் போகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விதானே அது? நிக்சனை யாரும் ஹோட்டலுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரிக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் பரீட்சை வைத்தால், அதில் அவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும், பரீட்சை நியாயமாகிவிடாது.

நவம்பரில் சுமார் 6.9 கோடி ஓட்டில் 1.2 லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கென்னடி ஜெயித்தார். அந்த வெற்றிக்குள் இன்னொரு கதை இருக்கிறது. மதமும் நிறமும் ஒரே இடத்தில் வந்து இடித்துக்கொண்ட கதை.

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு அட்லாண்டாவில் ஒரு பெரிய கடையின் உணவகத்தில், கறுப்பர்களுக்கும் சாப்பாடு பரிமாறு என்று உட்கார்ந்து போராடியதற்காக மார்ட்டின் லூதர் கிங் கைதானார். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். கிங்கை மட்டும், பழைய டிரைவிங் லைசென்ஸ் வழக்கு ஒன்றைத் தூசிதட்டி, நான்கு மாதக் கடுங்காவல் விதித்து, இரவோடு இரவாக விலங்கு போட்டு ரீட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உயிரோடு விடுவார்களா என்று குடும்பம் பயந்தது. மனைவி கொரெட்டா அப்போது கர்ப்பிணி. கென்னடி அவருக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். தம்பி ராபர்ட் நீதிபதியைக் கூப்பிட்டுப் பேசினார். கிங் ஜாமீனில் வந்தார்.

கிங்கின் அப்பா அட்லாண்டாவில் பெரிய பாப்டிஸ்ட் போதகர், பாப்டிஸ்ட் என்பது புராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு. ஊரே அவரை ‘டாடி கிங்’ என்று கூப்பிடும். கத்தோலிக்கனுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று அதுவரை நிக்சனை ஆதரித்தவர். இப்போது சர்ச்சில் எழுந்து, கென்னடி கத்தோலிக்கராகவே இருந்துவிட்டுப் போகட்டும், என் மருமகளின் கண்ணீரைத் துடைத்தார், என்னிடம் ஒரு சூட்கேஸ் நிறைய ஓட்டு இருக்கிறது, அதை அவருக்கே கொடுக்கிறேன் என்றார். இதைக் கேள்விப்பட்ட கென்னடி உதவியாளரிடம், மார்ட்டின் லூதர் கிங்குக்கு இப்படி மதத்துவேஷம் பிடித்த ஒரு அப்பாவா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, சரி, நம் எல்லோருக்கும்தான் அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று சிரித்தாராம். கென்னடியின் அப்பாவைப் பற்றியும் ஊர் நிறையப் பேசும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி நீலக் காகிதத்தில் அச்சடித்த துண்டறிக்கைகள் கடைசி ஞாயிற்றுக்கிழமை கறுப்பர்களின் சர்ச் வாசல்களில் லட்சக்கணக்கில் விநியோகமாயின. நிறத்தால் அடிபட்டவருக்குள் மதக் காழ்ப்பு இருக்கலாம், மதத்தால் அடிபட்டவரின் கட்சியிலேயே நிறவெறியர்கள் நிறைந்திருக்கலாம். அன்றைய தெற்கில் ஜனநாயகக் கட்சி என்றால் அதுதான்.

இன்று கத்தோலிக்கர் என்பது தடையே இல்லை. ஜோ பைடன் இரண்டாவது கத்தோலிக்க அதிபர் என்பதைப் பலர் கவனிக்கக்கூட இல்லை. அவருக்கு வந்த தொல்லை நேர் எதிரானது. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிறார் என்று 2019-ல் தென் கரோலினாவில் ஒரு சர்ச்சில் அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார்கள். ஸ்மித் போப் பேச்சைக் கேட்பார் என்று பயந்தார்கள், பைடன் கேட்கமாட்டேன் என்கிறாரே என்று கோபப்பட்டார்கள்.

நிறத்தின் கதை வேறு வழியில் போனது. 1868-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹொரேஷியோ சீமோரின் பிரசாரச் சின்னத்தில், ‘இது வெள்ளையர் நாடு, வெள்ளையரே ஆளட்டும்’ என்று எழுதி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒளிவுமறைவு இல்லை. நூறு வருடம் கழித்து, கறுப்பர்களுக்குச் சம உரிமையும் ஓட்டுரிமையும் உறுதி செய்த 1964, 1965-ம் வருடச் சட்டங்கள் வந்த பிறகு, அப்படிப் பேசினால் ஓட்டுப் போகும். அதற்காக அந்த ஓட்டை விட முடியுமா? அங்கேதான் ‘டாக் விசில்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும் உத்தி வந்தது. நாயைக் கூப்பிட ஒரு விசில் உண்டு, ஊதினால் மனிதக் காதுக்குக் கேட்காது, நாய்க்கு மட்டும் கேட்கும். அதுபோல, பொதுவாகக் கேட்பவருக்குச் சாதாரணமாகவும், கேட்க வேண்டியவருக்குச் சரியாகவும் விளங்கும் பேச்சு. ‘மாநில உரிமை’, ‘சட்டம் ஒழுங்கு’ என்பவை அந்தக் காலத்து விசில்கள். நமக்கு ‘மாநில உரிமை’ என்றால் அண்ணா நினைவுக்கு வருவார். மிசிசிப்பியில் அதற்கு, கறுப்பர்களை நாங்கள் எப்படி வேண்டுமானாலும் நடத்துவோம், டெல்லி மாதிரி வாஷிங்டன் தலையிடக் கூடாது என்று அர்த்தம். ஒரே சொல், ஊருக்கு ஊர் வேறு சரக்கு.

இதை வெளியாட்கள் ஊகித்துச் சொல்லவில்லை. குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூகக்காரர் லீ அட்வாட்டர் 1981-ல் ஒரு பேட்டியில் தானே விளக்கினார்: 1954-ல் கறுப்பர்களைக் கேவலமான அந்த வார்த்தையால் நேராகத் திட்டலாம், 1968-ல் அது நமக்கே கேடு, அதனால் மாநில உரிமை என்கிறோம், பிறகு வரிக் குறைப்பு என்கிறோம், போகப் போகப் பேச்சு அருவமாகிவிடும். 1988-ல் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்தியது இதே அட்வாட்டர். அந்த வருடம் புஷ் ஆதரவுக் குழு ஒன்று வெளியிட்ட விளம்பரத்தில், எதிர் வேட்பாளர் டுகாகிஸ் ஆளுநராக இருந்த மாநிலத்தில் வாரக் கடைசி விடுப்பில் போன கொலைக் கைதி ஒருவன் தப்பி, வேறொரு மாநிலத்தில் ஒரு தம்பதியைத் தாக்கிய செய்தியைச் சொன்னார்கள். சொன்னது உண்மைச் சம்பவம். ‘கறுப்பன்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. கைதியின் போலீஸ் படம் மட்டும் திரையை நிறைத்து நின்றது.

விசிலுக்கு இன்னும் கீழே போனதும் உண்டு. 2000-ல் ஜான் மெக்கெய்ன் குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில் நியூஹாம்ப்ஷயரை ஜெயித்துவிட்டுத் தென் கரோலினா வந்தார். கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் போயின. மெக்கெய்னுக்குக் கள்ளத்தனமாக ஒரு கறுப்புக் குழந்தை இருப்பது தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா? மெக்கெய்ன் தம்பதி வங்கதேசத்தில், டாக்காவில் அன்னை தெரசாவின் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். பிரசார மேடைகளில் அந்தச் சிறுமி பக்கத்தில் நிற்பாள். நம் பக்கத்துக் குழந்தை, நம்மைப் போல மாநிறம். அதைப் பார்த்தவர்களுக்குக் கேள்வியே பதிலாகிவிட்டது. மெக்கெய்ன் தோற்றார். அந்த அழைப்புகளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதே மெக்கெய்ன்தான் 2008-ல் பராக் ஒபாமாவை எதிர்த்து நின்றவர். அக்டோபர் 10-ம் தேதி மினசோட்டாவில் லேக்வில் என்ற ஊரில் கூட்டம். மைக்கை வாங்கிய ஒரு பெண்மணி, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவரைப் பற்றிப் படித்தேன், அவர் ஓர் அராபியர் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டியபடி மைக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ‘இல்லைம்மா. அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்.’ சொந்தக் கூட்டமே முணுமுணுத்தது. தோற்றுக்கொண்டிருக்கும் வேட்பாளருக்கு அது சுலபமான வேலை அல்ல. ஆனாலும் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். அராபியரா? இல்லை, கண்ணியமானவர். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான், அவசரத்தில் வந்ததுதான். அராபியரும் கண்ணியமான குடும்பஸ்தரும் எதிரெதிர் என்பது அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது நாள் கழித்து, முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், குடியரசுக் கட்சிக்காரர், தொலைக்காட்சியில் ஒபாமாவை ஆதரித்துப் பேசினார். ஒபாமா முஸ்லிம் என்று தன் கட்சியிலேயே சொல்கிறார்கள், சரியான பதில் அவர் முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் என்பது. உண்மையிலேயே சரியான பதில், முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்பது. அதிபராகலாம் என்று ஏழு வயது முஸ்லிம் அமெரிக்கக் குழந்தை கனவு காண்பதில் என்ன தவறு இருக்கிறது என்று கேட்டார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் 20 வயது மகனின் கல்லில் தலை சாய்த்திருக்கும் ஒரு தாயின் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். கல்லின் மேல் சிலுவை இல்லை, பிறைநிலா. அந்தத் தேர்தலில் இரண்டு கட்சி வேட்பாளர்களும் சொல்லத் தயங்கிய பதில் அது. ஒபாமாவின் பிரசாரமும் அவர் கிறிஸ்தவர் என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தது.

ஒபாமா மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. சிகாகோவில் அவர் 20 வருடம் போன சர்ச்சின் போதகர் ஆவேசமாகப் பேசுகிறவர் என்று ஒரு புயல். அவர் ரகசிய முஸ்லிம் என்று இன்னொரு புயல். இரண்டையும் ஒரே ஆள், ஒரே வாரத்தில் நம்பினார். காழ்ப்புக்குத் தர்க்கம் தேவைப்படுவதில்லை. பிறப்புச் சான்றிதழ் விவகாரம் அடுத்தது. ஹவாயில் ஹொனலூலுவில் 1961-ல் பிறந்தவர், அப்போதே உள்ளூர்ப் பத்திரிகைகளில் பிறப்புச் செய்தி வந்திருக்கிறது. இருந்தும் கென்யாவில் பிறந்தார் என்று வருடக்கணக்கில் ஓட்டினார்கள். டொனால்ட் டிரம்ப் அதை உரக்கப் பேசிய பிறகு, பதவியில் இருக்கும் ஒரு அதிபர் 2011 ஏப்ரல் 27-ல் முழு நீளப் பிறப்புப் பதிவை எடுத்து வெளியிட வேண்டியிருந்தது. மெக்கெய்ன் பிறந்ததோ பனாமா கால்வாய்ப் பகுதியில். அவர் பிறப்பால் குடிமகன்தான் என்று 2008-ல் செனட் சபை தீர்மானமே போட்டது, அதில் இணைந்து கையெழுத்திட்டவர்களில் ஒபாமாவும் ஒருவர். அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவரைக் கண்டுகொள்ளவில்லை, உள்ளே பிறந்தவரிடம் சான்றிதழ் கேட்டார்கள்.

2012-ல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற மிட் ராம்னியின் மார்மன் மதத்தைப் பற்றி நிறைய எழுதலாம். அந்த மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844-ல் தானே அதிபர் தேர்தலில் நின்று, அந்த வருடமே சிறையில் கும்பலால் கொல்லப்பட்டவர். ஆனால் 2012-ல் நடந்தது சுருக்கம். உட்கட்சித் தேர்தலில் மார்மன் மதம் கிறிஸ்தவமே இல்லை என்று சொன்ன வட்டாரங்கள், எதிரே நிற்பது ஒபாமா என்றதும் ராம்னிக்கே அள்ளிப் போட்டன. கட்சிப் பற்று பல நேரம் காழ்ப்பை வென்றுவிடும்.

எண்களில் பார்த்தால் மாற்றம் பெரிதுதான். தகுதியுள்ள கறுப்பர் ஒருவரை உங்கள் கட்சி நிறுத்தினால் ஓட்டுப் போடுவீர்களா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1958-ல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 38 சதவீதம். 2015-ல் 92. கத்தோலிக்கருக்கு 93, யூதருக்கு 91. முஸ்லிமுக்கு 60, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு 58. பெரியார் பிறந்த மண்ணில் இருந்து பார்ப்பவருக்குக் கடைசி எண் விசித்திரமாக இருக்கும். 1800-லேயே தாமஸ் ஜெஃபர்சனை நாத்திகர் என்று சொல்லித்தான் எதிர்த்தார்கள், கடவுளும் பக்தியுள்ள அதிபரும் வேண்டுமா, கடவுளே இல்லாத ஜெஃபர்சன் வேண்டுமா என்று பத்திரிகையில் கேட்டார்கள். ஜெஃபர்சன் ஜெயித்தார். ஆனால் இன்றுவரை தன்னை நாத்திகர் என்று அறிவித்துக்கொண்டு யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. கணிப்புக்காரரிடம் சொல்வது ஒன்று, ஓட்டுச் சாவடித் திரைக்குப் பின்னால் செய்வது ஒன்று என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமலா ஹாரிஸ் விஷயத்துக்கு வந்தால் நாமும் கதைக்குள் வந்துவிடுகிறோம். அம்மா ஷியாமளா கோபாலன் 1958-ல் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். அங்கே தர்மசாஸ்தா கோயில் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பெயரும் இருக்கிறது. அப்பா ஜமைக்காவைச் சேர்ந்தவர். கமலா படித்தது கறுப்பர்களுக்கென்று தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், போகிற சர்ச் பாப்டிஸ்ட். 2020-ல் ஜார்ஜியாவின் செனட்டர் ஒருவர் மேடையில் ‘கமாலா, கமலா-மலா-மலா, என்னவோ’ என்று அவருடைய பெயரை மென்று துப்பினார். மூன்று வருடத்துக்கும் மேல் ஒரே சபையில் கூட உட்கார்ந்திருந்தவர். நம் ஊரில் தெருவுக்கு ஒரு கமலா உண்டு, வாய் குழறும் பெயரா அது? 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் மாநாட்டில் டிரம்ப், இவர் இந்தியராகத்தான் இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார். ஹாரிஸ் அதற்கு விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார். பழைய பல்லவிதான் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போனார். கென்னடி ஹூஸ்டனில் எழுதிய பரீட்சையை இவர் எழுதவில்லை.

துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள், அபிஷேகம் செய்தார்கள். ‘நம்ம ஊர்ப் பொண்ணு’. அதுவும் அதே ‘நம்ம ஆளா’ கேள்விதான், பாசத்தோடு கேட்டது, பதில் ஆமாம் என்று வந்தது. அவருடைய தாத்தா என்ன சாதி என்று தேடிப் பார்த்தவர்களும் நம்மில் இருந்தார்கள்.

2024 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தவர், ஒஹையோவில் பிறந்தவர், இந்து. 2023 டிசம்பரில் அயோவாவில் தொலைக்காட்சிக் கூட்டமொன்றில், இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்களுடையது அல்ல, நீங்கள் அதிபராக முடியாது என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு வாக்காளர் கேட்டார். ராமசாமி தான் இந்து என்பதை மறைக்கவில்லை. ஆனால் பதிலில் இரு மதங்களுக்கும் பொதுவான விழுமியங்களைப் பேசினார். கத்தோலிக்கப் பள்ளியில் படித்ததையும் பைபிள் வாசித்ததையும் அந்தப் பிரசாரம் நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர். போட்டியிலிருந்து விலகிய பிறகு, 2024 மே மாதம் வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்ட்டர் அவருடைய பாட்காஸ்ட்டுக்கே வந்து உட்கார்ந்தார். நீங்கள் பேசியதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம், ஆனாலும் உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் நீங்கள் இந்தியர் என்றார். விசிலும் இல்லை, சுரங்கமும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. ராமசாமி அந்தப் பகுதியை வெளியிட்டபோது, அவரோடு உடன்படவில்லை, ஆனால் மனதில் பட்டதைச் சொல்லும் தைரியத்தை மதிக்கிறேன் என்று குறிப்பு எழுதினார்.